புதுப்பிப்பு: எடின்பரோ ஓல்டு டவுனில் சமையலறையோடு அறை எடுத்த கதை

ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு அம்மா அப்பாவோடு போகிறோம், ஓட்டலா, சமைத்துக்கொள்ளும் அபார்ட்மென்டா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பெரும்பாலோர் சொன்னபடி அபார்ட்மென்டே எடுத்தோம். போய் வந்தாயிற்று.

இடம் ஓல்டு டவுன் என்ற பழைய நகரப் பகுதியின் முக்கியத் தெருவான ராயல் மைலை ஒட்டிய ஒரு குளோஸில், அதாவது செங்குத்தான படிக்கட்டுச் சந்தில். வேவர்லி ரயில் நிலையம் பள்ளத்தில், ஓல்டு டவுன் மேட்டில். வரைபடத்தில் ஐந்து நிமிடம்தான்; பெட்டியோடு ஏறினால் தெரியும். மூட்டுவலிக்காரர்கள் இருந்தால் டாக்ஸியில் மேலே வந்து இறங்குங்கள். கட்டடத்தில் லிஃப்ட் உண்டா என்று எழுதியே கேட்டு வாங்குங்கள், பழைய கட்டடங்களில் பல இடத்தில் கிடையாது.

சமையல்? அரிசி, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் நிக்கல்சன் தெருப் பக்கம் நடந்தே வாங்கினோம். ஹாலும் சமையலறையும் ஒன்றுதான். அம்மா ரசத்துக்கு மிளகாய் தாளித்ததும் புகை அலாரம் அலறியது. ஸ்காட்லாந்தில் 2022 முதல் வீட்டு அலாரங்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும். அப்பா துண்டை விசிறிக்கொண்டு ஓடியது தனிக்கதை. அப்புறம் ஜன்னலைத் திறந்துவைத்து, எண்ணெயை லேசாகக் காய்ச்சியதில் பிரச்சினையில்லை.

குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். மதியம் ஒரு மணிக்குக் கோட்டையில் பீரங்கி வெடிக்கும் (ஞாயிறு கிடையாது), பெரியவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்!

செலவு பற்றிக் கேட்டவர்களுக்கு: ஆகஸ்டில் கலைவிழாக் கூட்டம், வாடகை எகிறிவிடும். 2026 ஜூலை 24 முதல் தங்குபவர்களுக்கு முதல் ஐந்து இரவுகளுக்கு 5% சுற்றுலா வரியும் உண்டு.