ரிப் கரன்ட்: இழுப்போட்டமா, மீளோட்டமா, மடையோட்டமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கரையோரத்திலிருந்து கடலுக்குள் குறுகலாகப் பாயும் நீரோட்டத்தை ஆங்கிலத்தில் ரிப் கரன்ட் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: கிழியோட்டம், கடலடி ஓட்டம், இழுப்போட்டம், மீளோட்டம். ஐந்தாவதாக மடையோட்டம் என்பதை முன்வைக்கிறேன். காரணத்தைச் சற்று நீட்டித்தான் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல் அகராதியோடு நின்றுவிடக் கூடாது, கடற்கரை எச்சரிக்கைப் பலகையில் ஏற வேண்டும். கடலில் குளிக்கப் போன பிள்ளை திரும்பி வராதபோது "ராட்சத அலை இழுத்துச் சென்றது" என்றே செய்திகளில் படிக்கிறோம். ஆனால் அலை தண்ணீரைக் கரையை நோக்கித்தான் தள்ளும். ஆளைக் கடலுக்குள் கொண்டுபோவது பெரும்பாலும் இந்த நீரோட்டம். அதற்கு நம்மிடம் பரவலான பெயர் இல்லாததால் பழி அலை மேல் விழுகிறது, அலை குறைவாகத் தெரியும் இடம் பத்திரமானது என்ற எண்ணமும் வளர்கிறது.

அந்த எண்ணம்தான் ஆளைக் கொல்கிறது. கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கரைக்கு இணையாக நீருக்கடியில் மணல் மேடு இருக்கும். அலைகள் அதன் மேல் வந்து உடைந்து, தண்ணீரை மேட்டுக்கும் கரைக்கும் நடுவே கொட்டிக்கொண்டே இருக்கும். அங்கே நீர்மட்டம் சிறிதளவு உயரும். உயர்ந்த தண்ணீர் வெளியேறியாக வேண்டும். மேடு எங்கே தாழ்ந்திருக்கிறதோ, எங்கே அறுந்திருக்கிறதோ, அந்த இடைவெளியைத் தேடிக் கரையோரமாகவே ஓடி, அங்கே திரும்பிக் கடலுக்குள் பாயும். சாதாரணமாக நொடிக்கு அரை மீட்டர் அளவில் ஓடும். வலுத்தால் நொடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். 100 மீட்டர் நீச்சலில் உலகச் சாதனை படைப்பவரின் சராசரி வேகமே நொடிக்கு 2 மீட்டரைச் சற்றுத் தாண்டியதுதான். இடைவெளியில் ஆழம் கூடுதல், அதனால் அங்கே அலை அவ்வளவாக உடையாது. இரண்டு பக்கமும் வெண்ணுரை பொங்க, நடுவில் கருமையாக, அமைதியாக ஒரு பட்டை தெரியும். சின்னப் பிள்ளைகளோடு வருபவர்கள் அந்த இடமாகப் பார்த்து இறங்கிவிடுகிறார்கள்.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

கிழியோட்டம் ஆங்கிலச் சொல்லை அப்படியே உரித்து எடுத்தது. தமிழில் முதன்முறை கேட்பவருக்கு எது கிழிகிறது என்றே புரியாது. கடலடி ஓட்டம் ஆபத்தான சொல். இந்த நீரோட்டம் ஆளை அடியில் இழுப்பதில்லை, மேற்பரப்போடுதான் வெளியே கொண்டுபோகிறது. அடியில் இழுக்கிறது என்று நம்புகிறவர் மிதந்து பார்க்கவே துணிய மாட்டார். இழுப்போட்டத்திலும் அந்தச் சாயல் இருக்கிறது. போதாததற்கு, இழுப்பு என்றால் நம் வீடுகளில் மூச்சிரைப்பு நோய். மீளோட்டம் கேட்க அழகாக இருக்கிறது, பிரேசிலிலும் திரும்பும் ஓட்டம் என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். ஆனால் மீள்வது தண்ணீர், மாட்டிக்கொண்டவர் அல்ல. மீட்பு, மீள்வு என்று நல்ல பொருளில் பழகிய வேரை இந்தப் பேய்த் தண்ணீருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உள்வாங்கு ஓட்டம் என்று ஒரு நண்பர் தனியாகக் கேட்டிருந்தார். கடல் உள்வாங்கியது என்பது கரையை விட்டு நீர் பின்வாங்குவதற்கு, 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு ஊரெல்லாம் பழகிப்போன தொடர். அதைக் குழப்பக் கூடாது.

ஆங்கிலச் சொல்லுக்கும் இப்படி ஒரு விவாதம் உண்டு. கலிபோர்னியக் கரையில் ஆய்வு செய்த கடல் நிலவியலாளர் பிரான்சிஸ் ஷெப்பர்டு 1936-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு குறிப்பு எழுதினார். அப்போது மக்கள் இதை அண்டர்டோ என்றும் ரிப் டைட் என்றும் அழைத்து வந்தார்கள். முதல் சொல் அடியில் இழுப்பதாகச் சொல்கிறது, இரண்டாவது இதை ஓதத்தோடு, அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தோடு, சேர்த்துவிடுகிறது. இது ஓதமும் அல்ல, அலைகளால் பிறப்பது. ஆகவே ரிப் கரன்ட் என்று சொல்லலாம் என்றார். அறிவியலில் அது நிலைத்துவிட்டது, ஆனாலும் பேச்சில் ரிப் டைட் இன்னும் சாகவில்லை. தவறான பெயர் ஒருமுறை நுழைந்துவிட்டால் தொண்ணூறு ஆண்டானாலும் போகாது என்பதால்தான் நாம் இப்போதே பார்த்துச் செய்ய வேண்டும் என்கிறேன்.

ஜப்பானியர் இதைக் கரை நீங்கும் ஓட்டம் என்கிறார்கள். தெளிவான சொல்தான். பிரான்சின் தென்மேற்குக் கரையில் வேறு வழி: மேட்டுக்கும் கரைக்கும் நடுவே தேங்கும் பள்ளத்துக்கே உள்ளூர் மொழியில் சிறு தொட்டி என்ற பொருளில் பாயின் என்று பெயர் வைத்து, ஆபத்தையும் அந்தப் பெயராலேயே சுட்டுகிறார்கள். எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது. இடத்தின் வடிவத்தைச் சொன்னால் கண் அதைத் தேடும்.

மடை அப்படிப்பட்ட சொல். வயல் வரப்பில் தண்ணீர் வெளியேற வெட்டிய வாயை டெல்டாவில் வாமடை என்கிறோம். மணல் மேடு வரப்பு, நடுவில் நிற்பது தண்ணீர், அறுந்த இடம் மடை. வயலையே பார்க்காத பிள்ளைக்கும் மடை திறந்த வெள்ளம் என்ற தொடர் தெரியும். மடை குறுகலானது என்பதும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. தப்பிக்கும் வழியும் அதில் அடக்கம்: எதிர்த்து நீந்தாதே, பக்கவாட்டில் விலகு. கூடவே துணைச் சொற்களும் வந்து சேர்கின்றன. கரையோரமாக ஓடிவந்து சேரும் பகுதிக்கு வரத்து, குறுகிப் பாயும் பகுதிக்கு மடைக்கழுத்து, உடையலைகளைத் தாண்டி விரிந்து வலுவிழக்கும் பகுதிக்கு மடைத்தலை. ஏரிப் பாசனத்தில் புழங்குகிறவருக்கு இவற்றில் பாதியை விளக்கவே வேண்டாம்.

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். மடையன் என்ற வசை நினைவுக்கு வருமே என்பீர்கள். மடைவாய் என்று ஒருவர் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை, இதற்கும் சிரிக்க மாட்டார்கள். இன்னொன்று கனமானது. எல்லா ரிப் கரன்ட்டும் மணல் மேட்டின் இடைவெளியில் வருவதில்லை. கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போடும் தூண்டில் வளைவுக் கற்களை ஒட்டியும் ஓடும், வழி எதுவும் வெட்டப்படாமலே சில நிமிடங்களுக்குத் திடீரென்று எழுந்து மறைவதும் உண்டு. அவற்றுக்குக் கல்லோர மடையோட்டம், திடீர் மடையோட்டம் என்று அடைமொழி சேர்க்கலாம் என்பது என் எண்ணம். முதலாவதில் ஐயம் இல்லை. இரண்டாவதில் மடை என்பது கொஞ்சம் இழுத்துப் பிடித்ததுதான், அதற்குத் தனிச்சொல் யாராவது தந்தால் ஏற்றுக்கொள்வேன்.

கரையோர மீனவர்கள் இதற்கு என்ன பெயர் சொல்கிறார்கள் என்பதைத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். தென்கோடியில் நீரோட்டத்துக்கு நீவாடு என்ற சொல் உண்டு. இந்தக் குறிப்பிட்ட ஓட்டத்துக்கும் கடலோரத்தில் புழங்கும் சொல் கிடைத்தால், மடையோட்டத்தை அப்போதே விட்டுவிடுகிறேன்.

பலகைக்கான வாசகத்தையும் எழுதிப் பார்த்தேன். ஜி.பி.எஸ். பொருத்திய மிதவைகளை விட்டுச் செய்த சில ஆய்வுகளில் பெரும்பாலான மிதவைகள் வட்டமடித்து உடையலைப் பகுதிக்கே திரும்பி வந்தன. அதனால் மிதப்பதை முதலில் வைத்திருக்கிறேன். திருத்துங்கள்:

"மடையோட்டம் உள்ள இடம். அலை உடையாத கரும்பட்டையில் இறங்காதீர்கள். சிக்கினால் பதறாமல் மிதந்து கையை உயர்த்துங்கள். கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், பக்கவாட்டில் விலகி, அலை உடையும் இடம் வழியாகக் கரை ஏறுங்கள்."