அப்பாவின் யூராலஜிஸ்ட் கம்பெனியிடம் பணம் வாங்கியிருக்கிறார்: இந்தப் பதிவுகளை எப்படிப் படிப்பது?

நெய்தல்:

அப்பாவுக்கு 71 வயது. ராத்திரி நாலைந்து தடவை எழுந்து பாத்ரூம் போகிறார். இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிட்டும் பெரிதாகப் பலன் இல்லை. போன வாரம் யூராலஜிஸ்ட் (சிறுநீர்ப் பாதை டாக்டர்), வீங்கிய புராஸ்டேட்டைச் சின்னச் சின்னக் கொக்கிகளால் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிவிடும் சிகிச்சையைச் செய்துகொள்ளச் சொன்னார். ஆஸ்பத்திரியில் தங்க வேண்டாம், கிளினிக்கிலேயே முடிந்துவிடுமாம். அப்பாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. மேசையிலிருந்து இறங்கும்போது கை கொடுத்தாராம், அதை வீட்டுக்கு வந்து மூன்று தடவை சொன்னார்.

டாக்டர்களுக்குக் கம்பெனிகள் கொடுக்கும் பணத்தை அமெரிக்க அரசு ஓப்பன் பேமெண்ட்ஸ் என்ற தளத்தில் வெளியிடுகிறது. அன்றிரவு டாக்டர் பெயரை அதில் போட்டுப் பார்த்தேன். 2023இல் மட்டும் 18,400 டாலர். அதில் 960 டாலர் பல கம்பெனிகள் வாங்கிக் கொடுத்த சாப்பாடு. 14 டாலர், 19 டாலர் என்று 41 வரிகள். மீதி முழுக்க அந்தக் கொக்கியைத் தயாரிக்கும் கம்பெனி கொடுத்தது. கம்பெனிக்காகக் கூட்டங்களில் பேசியதற்குக் கட்டணம் 15,600, பயணச் செலவு 1,840.

அப்புறம் மெடிகேர், அதாவது முதியவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ், வெளியிடும் கணக்கையும் எடுத்தேன். அதே ஆண்டில் 52441 என்ற குறியீட்டில் 48, 52442இல் 190. இரண்டும் இந்தக் கொக்கி சிகிச்சைதான். 238 பேருக்கு இதையே செய்திருக்கிறார். திசுவைச் சுரண்டி எடுக்கும் பழைய ஆபரேஷனுக்கு ஒரு வரிகூட இல்லை. எனக்குத் தூக்கமே வரவில்லை. தேதியை ரத்து செய்துவிடலாமா? அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

குறியீட்டுக்காரி:

தங்கச்சி, முதலில் அந்த 238ஐ அழித்துவிடுங்கள். நான் ஒரு யூராலஜி கிளினிக்கில் 11 வருடமாக மெடிகல் கோடிங் (சிகிச்சைகளை பில்லுக்கான குறியீடுகளாக எழுதும் வேலை) பார்க்கிறேன், இந்த வரிகள் என் தினசரி வேலை.

52441 என்பது முதல் கொக்கி. அதற்கு மேல் வைக்கும் ஒவ்வொரு கொக்கிக்கும் 52442ஐ ஒரு தடவை போடுவோம். ஒரே ஆளுக்கு ஐந்து கொக்கி வைத்தால் 52441 ஒன்று, 52442 நான்கு. ஆக உங்கள் டாக்டரிடம் இதைச் செய்துகொண்டவர்கள் ஏறக்குறைய 48 பேர்தான். அதே வரிசையில் பயனாளிகள் எண்ணிக்கை என்று தனி நெடுவரிசை இருக்கும். சேவைகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். சிறுநீர்ப்பையில் போடும் போடாக்ஸ் இதைவிட மோசம்: அதை யூனிட் கணக்கில் எழுதுவோம், ஒரு தடவை ஊசி போட்டாலே 100 சேவை என்று காட்டும். அதைப் பார்த்துப் பதறிப்போய் எங்களுக்கு போன் செய்தவர்கள் உண்டு.

பழைய ஆபரேஷனுக்கு வரி இல்லாததும் அப்படித்தான். ஒரு குறியீட்டில் நோயாளிகள் 10 பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், அவர்கள் யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக மெடிகேர் அந்த வரியையே வெளியிடாது. பத்துப் பேருக்குச் செய்திருந்தாலும் உங்கள் கண்ணில் படாது. அதோடு இது நேரடி மெடிகேர் கணக்கு மட்டும். தனியார் கம்பெனிகள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் எடுத்தவர்களோ, வேலை பார்க்கும் இடத்தின் இன்ஷூரன்ஸில் இருக்கும் ஐம்பது வயதுக்காரர்களோ இதில் வரமாட்டார்கள்.

டாக்டருக்கு மெடிகேர் கொடுத்த மொத்தத் தொகையைப் பார்த்தும் மிரள வேண்டாம். கிளினிக்கில் வைத்துச் செய்தால் கொக்கியின் விலையும் அந்தத் தொகைக்குள்தான் இருக்கும்.

சாப்பாட்டு வரிகளைப் பற்றி ஒன்று சொல்கிறேன். எங்கள் கிளினிக்குக்கு ரெப் (கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி) மதியச் சாப்பாடு கொண்டுவரும் நாளில் கதவருகே ஒரு தாள் இருக்கும். சாப்பிட்ட எல்லோரும், என்னைப் போன்ற ஊழியர்கள் உட்பட, அதில் கையெழுத்துப் போட வேண்டும். மொத்த பில்லைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்து டாக்டர் பங்கை மட்டும் அரசுக்கு அனுப்புவார்கள். அந்த 14 டாலர் அப்படி வந்ததுதான். எனக்கு அது உறுத்துவதில்லை. 15,600 உறுத்துகிறது.

பொதுமருத்துவர்:

அக்கா சொன்ன கணக்கெல்லாம் சரி. சாப்பாடு உறுத்தவில்லை என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நான் இன்டர்னல் மெடிசின் டாக்டர். 2016இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்த ஆய்வில், ஒரே ஒரு வேளை சாப்பாடு வாங்கிக் கொண்ட டாக்டர்களும் அந்தக் கம்பெனியின் பிராண்ட் மருந்தைக் கூடுதலாக எழுதியிருந்தார்கள். சாப்பாட்டின் சராசரி விலை 20 டாலருக்கும் கீழே. சாப்பாட்டால்தான் எழுதினார்கள் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் அதைப் படித்த பிறகு ரெப் கொண்டுவரும் தட்டை நான் தொடுவதில்லை.

பேச்சுக் கட்டணம் இன்னும் பெரிய விஷயம். அமெரிக்க சுகாதாரத் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் நவம்பர் 2020இல் இதற்கென்றே ஒரு சிறப்பு எச்சரிக்கை விட்டது. மூன்று ஆண்டுகளில் கம்பெனிகள் பேச்சாளர்களுக்குக் கொடுத்தது கிட்டத்தட்ட 200 கோடி டாலர் என்று அதில் இருக்கிறது. இந்தக் கூட்டங்களால் யாருக்குக் கல்வி கிடைக்கிறது என்று அந்த அலுவலகமே சந்தேகப்பட்டது.

அதற்காக அந்தப் பதிவை வேதவாக்காகவும் எடுக்காதீர்கள். இந்தப் பணத்தை வெளியிடச் சொல்லும் சட்டம் 2010இல் வந்தது, 2014 செப்டம்பர் 30 அன்று முதல் பட்டியல் வெளியானது. ஒரு வருடம் என் பெயரில், நான் போகவே போகாத ஊரில் ஒரு இரவுச் சாப்பாடு இருந்தது. வெளியிடுவதற்கு முன் டாக்டர்களுக்குச் சரிபார்க்க 45 நாள் கொடுப்பார்கள். அதற்குள் மறுப்பு எழுப்பி நீக்க வைத்தேன். பல டாக்டர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

உங்கள் அப்பாவுக்கு இது பொருந்துமா என்பதை அந்த 18,400 சொல்லாது. புராஸ்டேட்டின் அளவும் உருவமும்தான் சொல்லும். அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதல்படி அளவு 30 முதல் 80 சிசிக்குள் இருக்க வேண்டும், புராஸ்டேட்டின் நடுப் பகுதியான நடு மடல் சிறுநீர் வழியை அடைக்கவில்லை என்று உறுதி செய்திருக்க வேண்டும். ஸ்கேனில் அளந்தார்களா? கேமரா விட்டுப் பார்த்தார்களா? இல்லையென்றால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். இன்னொன்றையும் கேளுங்கள். இந்தக் கொக்கிக்கு நடந்த முக்கிய ஆய்வில் 5 ஆண்டுகளில் 13.6 சதவீதம் பேருக்கு மறுபடி சிகிச்சை தேவைப்பட்டது. அதை அவர் தானாகச் சொன்னாரா? கம்பெனிக்காகப் பேசுபவர் நல்ல பக்கத்தை மட்டும் சொல்லிப் பழகியிருக்கலாம் என்பதுதான் என் பயம்.

நெய்தல் (மூன்று வாரம் கழித்து):

இரண்டு பேருக்கும் நன்றி. பயனாளிகள் நெடுவரிசையில் 48 என்றுதான் இருக்கிறது அக்கா. அவசரப்பட்டுவிட்டேன்.

அப்பாவிடம் மறைக்கவில்லை. அச்செடுத்து மேசையில் வைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், "இதை அவரிடமே கேட்டுவிடலாமே" என்றார். கேட்டதும் அவர்தான். தாளை டாக்டர் முன்னால் வைத்து, "இந்தக் கம்பெனிக்காக நீங்கள் கூட்டங்களில் பேசுகிறீர்களா?" என்றார். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆமாம், ஆறு கூட்டம், ஒவ்வொன்றுக்கும் 2,600 டாலர் என்று மறைக்காமல் சொன்னார். 13.6 பற்றி நான் கேட்ட பிறகுதான் பேசினார். அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அளக்கவும் இல்லை. கேட்டதால் அன்றே ஸ்கேன் எடுத்தார்கள், அடுத்த வாரம் கேமரா. 46 சிசி, நடு மடல் அடைக்கவில்லை. பேச்சுக் கட்டணம் எதுவும் பதிவில் இல்லாத இன்னொரு யூராலஜிஸ்டிடமும் காட்டினோம். கொக்கியும் பொருந்தும், பழைய ஆபரேஷன் நீண்ட நாள் தாங்கும், ஆனால் அதில் விந்து வெளியேறுவதில் மாற்றம் வரும் வாய்ப்பு அதிகம் என்று இரண்டையும் சமமாக விளக்கினார். அப்பா கொக்கியைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் இந்த இரண்டாவது டாக்டரிடம்.

வரும் வியாழன் காலை 8 மணிக்கு. அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார், அதை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று நாளை இதய டாக்டரிடம் கேட்க வேண்டும். முடிந்ததும் எழுதுகிறேன்.