ஹேஸ்ப்ரா: ரோடு அந்தரத்தில் முடிகிற ஊர்

பேரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இங்கிலாந்தின் கிழக்கில் நார்ஃபோக் மாவட்டத்து நார்விச்சுக்குக் குடிவந்து நாலு மாதம், கடல் பார்த்தே ஆக வேண்டும் என்று மேப்பில் தேடி 'ஹாப்பிஸ்பர்க்' என்று ஒரு ஊரைப் பிடித்து வைத்திருந்தேன். வழியில் பெட்ரோல் பங்கில் ஒரு அம்மாவிடம் விசாரித்தால், அப்படி ஒரு ஊரே இந்தப் பக்கம் கிடையாதே என்கிறார். போனில் எழுத்தைக் காட்டிய பிறகுதான் "ஓ, ஹேஸ்ப்ராவா!" என்று சிரித்தார். நார்ஃபோக் ஆட்கள் ஊர்ப்பேரில் பாதியை முழுங்கிவிட்டுத்தான் மீதியைச் சொல்வார்கள் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

ஊர் சின்னது. ஒரு சர்ச், ஒரு பப், சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட லைட் ஹவுஸ், கொஞ்சம் வீடுகள், அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது பீச் ரோட்டைப் பற்றி. சாதாரணத் தார் ரோடு, இரண்டு பக்கமும் வேலி, நேராகக் கடலைப் பார்த்துப் போகிறது. போய்க்கொண்டே இருந்து சட்டென்று நின்றுவிடுகிறது, முறுக்கைக் கடித்து வைத்த மாதிரி. தாரின் ஓரம் அப்படியே வெட்டவெளியில் நீட்டிக்கொண்டிருக்க, கீழே மண்மேட்டின் நடுவிலிருந்து ஒரு பழைய தண்ணீர்க் குழாய் எட்டிப் பார்க்கிறது. எந்த வீட்டுக் குழாயோ.

அங்கே நாயோடு ஒரு பெரியவர் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், கேட்காமலேயே, கையை நீட்டி ஆகாயத்தைக் காட்டி வீடுகளை எண்ண ஆரம்பித்துவிட்டார். இது முதல் வீடு, அதற்கு அப்பால் இன்னொன்று, அங்கே ஒரு தோட்டம். எனக்கு அவர் விரல் போன திசையில் கடற்பறவைகள்தான் தெரிந்தன. 1950களின் கடைசியில் கட்டைகளை நட்டு ஒரு தடுப்புப் போட்டார்களாம், அது தொண்ணூறுகளில் பிய்ந்து போனதும் கடல் வேகமாக உள்ளே வந்துவிட்டது. மேடு முழுக்கக் களிமண்ணும் மணலும்தான், பாறை என்று எதுவும் இல்லை. மேலிருந்து மழைத் தண்ணீர் இறங்கி ஊறவைக்க, கீழே அலை அரித்தெடுக்க, இடையில் இருப்பது சரிந்து விழுகிறது. விளிம்பில் மிச்சமிருந்த ஒன்பது வீடுகளை அரசுப் பணத்தில் வாங்கி 2012இல் இடித்தார்கள். அதையும் பெரியவர் பெரிய அதிர்ஷ்டம் போலத்தான் சொன்னார், ஏனென்றால் இந்த நாட்டில் கடல் அரித்துக்கொண்டு போன வீட்டுக்கு நஷ்டஈடு கேட்க உரிமையே கிடையாது. கடலில் தவிப்பவர்களை மீட்கப் போகும் லைஃப்போட்டை இறக்குகிற சரிவுப் பாதையும் போய், படகைப் பக்கத்தில் கார்ட் கேப்புக்கு மாற்றியாகிவிட்டதாம்.

"காலடி பார்க்க வந்தாயா?" என்றார் அப்புறம். அதைத் தேடித்தான் வந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. 2013 மே மாதம், அலை மணலை வாரிக்கொண்டு போனதில், கீழே கெட்டிப்பட்ட பழைய சேற்றில் ஐம்பதுக்குக் கிட்டத்தட்டக் குழிகள் வெளியே தெரிந்தன. பெரியவர்களும் குழந்தைகளுமாக ஒரு சின்னக் கூட்டம் நடந்து போன தடம். வயது எட்டரை லட்சம் ஆண்டுகளுக்கு மேல், ஆப்பிரிக்காவுக்கு வெளியே அதுவரை கிடைத்ததில் மிகப் பழையது. அப்போது இது கடலோரமே இல்லை, ஐரோப்பாவோடு ஒட்டிய நிலம், பழைய தேம்ஸ் நதி இந்தப் பக்கமாக ஓடித்தான் கடலுக்குப் போயிருக்கிறது. ஆராய்ச்சிக்காரர்கள் அலைக்கும் மழைக்கும் நடுவே ஓடி ஓடிப் படம் எடுத்தார்கள். இரண்டு வாரத்தில் எல்லாம் அழிந்துபோனது. வீட்டைத் தின்ற அதே கடல்தான் இதைக் காட்டிவிட்டு, இதையும் தின்றது.

நான் கீழே இறங்கி ஒரு மணி நேரம் நடந்தேன். கிடைத்தது களிமண்ணில் மாட்டிக்கொண்ட என் ஒரு ஷூ மட்டும்.

*

மேலே எழுதிய அண்ணாவுக்கு: அந்தக் காலடியில் ஒன்றை அளந்து பார்த்தால் இன்றைய எட்டாம் நம்பர் செருப்பு அளவு. என் வீட்டுக்காரர் சைஸும் அதுதான், அதைப் படித்ததிலிருந்து அவருக்கு ஒரே பெருமை!

நாங்கள் போனது டிசம்பரில், அங்கிருந்து தெற்கே ஹார்சி கடற்கரைக்கு. குட்டி போடுகிற சமயம் அது, மணல் முழுக்கச் சாம்பல் சீல்கள், அதாவது கடல்நாய்கள். வெள்ளை ரோமக் குட்டி ஒன்று தனியாகக் கிடந்து, கைக்குழந்தை மாதிரியே அழுதுகொண்டிருந்தது. என் மகள் "அம்மாவைக் காணோம்" என்று விசும்ப, நானும் பதறிப்போய்க் கயிற்றைத் தாண்டி ஒரு காலை வைத்துவிட்டேன். காவலுக்கு நின்ற தன்னார்வலர் அம்மா போட்ட அதட்டலில் குட்டியே அழுகையை நிறுத்திவிட்டது. திட்டி முடித்துவிட்டுப் பொறுமையாக விளக்கியும் சொன்னார். தாய் பக்கத்தில்தான் இருக்கும், ஆள் நெருங்கினால் குட்டியை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் போய்விடும். பிறக்கும்போது 14 கிலோ, மூன்று வாரப் பாலில் 40ஐத் தாண்டும், அதற்குப் பிறகு தாய் ஒரேயடியாகப் போய்விடுமாம், குட்டி அந்தக் கொழுப்பை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். மகள் கார் வரும்வரை என் கையை விடவில்லை.

*

சர்ச்சுக்குள் யாருமே போகவில்லையா? அங்கேதான் எனக்கு மனசு கனத்துப் போச்சு. 1801 மார்ச்சில் இன்வின்சிபிள் என்ற போர்க்கப்பல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் இருந்த படையோடு சேரக் கிளம்பி, எதிரியைப் பார்க்கும் முன்பே இந்த ஊருக்கு எதிரே மணல்திட்டில் ஏறிவிட்டது. செத்தது 400 பேர் அளவில், அதில் 119 பேரை இந்தச் சர்ச் வளாகத்தில் ஒரே குழியில் புதைத்திருக்கிறார்கள். லைட் ஹவுஸ் 1790இலேயே கட்டியாகிவிட்டது, விளக்கு இருந்தும் அந்தக் கப்பலைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்த விளக்கையே அணைத்துவிடுவதாக 1987இல் அறிவிப்பு வந்தபோது ஊர்க்காரர்கள் விடவில்லை. போராடி, 1990இல் பார்லிமென்டில் தனிச் சட்டமே வாங்கி, இன்றுவரை தாங்களே நடத்துகிறார்கள். திறந்துவிடுகிற நாளில் ஏறிப் பாருங்கள். மேலே இருந்த தாத்தா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, முப்பது நொடிக்கு மூன்று மினுக்கு, எண்ணிப் பார் என்றார். ராத்திரி காரில் உட்கார்ந்து எண்ணினேன், சரியாக இருந்தது.

*

திரும்பவும் நான்தான். சனிக்கிழமை காலை கடல் உள்வாங்குகிற நேரமாகப் பார்த்து மறுபடி போகிறேன், காரில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. வருகிறவர்கள் ரப்பர் பூட்ஸ் கொண்டு வாருங்கள். மேட்டின் அடியில் ஒட்டி நடக்கவே வேண்டாம், எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. என் ஷூ கண்ணில் பட்டால் கருப்பு, இடது கால்.