497ஆவது பிரிவில் வழக்கு நடத்திய மதுரை வழக்கறிஞர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். மேலூரில் ஒரு சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேச வேண்டும். பிறர் மனைவியோடு உறவுகொள்ளும் ஆணைத் தண்டித்த, உச்ச நீதிமன்றம் 2018இல் ரத்து செய்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவு, அதற்கு முன்பும் ஏன் ஏட்டோடு கிடந்தது?

அப்போது பொதுவாகக் கணவன்தான் புகார் தர முடிந்தது. அதுவும் மனைவியோடு உறவுகொண்ட ஆண்மேல் மட்டும். ஏமாற்றப்பட்ட மனைவிக்கு அந்தப் பிரிவில் வழியே இருக்கவில்லை (என்ன நியாயமோ!). போலீசாரால் வாரண்ட் இல்லாமல் கைது செய்யவும் முடியவில்லை. தவிர, வீட்டு விஷயத்தைச் சந்திக்கு இழுக்க எத்தனை கணவர்கள் துணிவார்கள்? பெரும்பாலும் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையிலேயே பேசி முடித்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

அப்படியொரு வழக்கையாவது நடத்திய மூத்த வழக்கறிஞர்கள், பெயர்களைத் தவிர்த்து, அது எங்கே தடுக்கி விழுந்தது என்று எழுதுங்கள். விவாகரத்துக்குத் திருமணத்துக்கு வெளியேயான உறவு இன்றும் காரணமாக நிற்கிறதே, குடும்பநல நீதிமன்றத்தில் வாட்ஸ்அப் உரையாடல் சான்றாக எடுபடுகிறதா?