போனில் இரண்டு கால்குலேட்டர்: மறைத்துவைத்த ஆப், ஃபைலை எங்கே தேடுவது?

கேள்வி:
பையனுக்கு 13 வயசு. சாம்சங் போன், 64 ஜிபி. 58 நிரம்பிடுச்சுன்னு காட்டுது, ஆனா கேலரியில 3 ஜிபி கூட இல்லை. கால்குலேட்டர் வேற இரண்டு இருக்கு. எங்கே பார்க்கணும்?

பதில் 1:
முதலில், அந்தக் கால்குலேட்டரை அன்இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள். கால்குலேட்டர் வேடத்தில் படங்களைப் பூட்டிவைக்கும் ஆப்பாக இருந்தால் உள்ளே இருப்பவையும் சேர்ந்தே அழிந்துவிடலாம். யாராவது பையனை மிரட்டியிருந்தால் அதுதான் ஆதாரம்.

58 ஜிபியில் சிஸ்டமே சுமார் 20 பிடித்திருக்கும். அதைக் கழித்துவிட்டு மீதியைத் தேடுங்கள். ஹோம் ஸ்கிரீனை நம்பவே வேண்டாம். செட்டிங்ஸ் > ஆப்ஸ் போய், பட்டியலுக்கு மேலே இருக்கும் வரிசைப்படுத்தும் குறியைத் தொட்டு 'சைஸ்' தேர்ந்தெடுங்கள். ஹோம் ஸ்கிரீனிலிருந்து மறைத்த ஆப்பும் இங்கே வந்துவிடும். சந்தேகப்படும் கால்குலேட்டர் நூற்றுக்கணக்கான எம்பி காட்டுகிறதா? தொட்டு, 'பெர்மிஷன்ஸ்' பாருங்கள். கணக்குப் போட கேமரா, போட்டோ அனுமதி தேவையே இல்லை. அதே பக்கத்தின் அடியில் 'ஆப் டீடெய்ல்ஸ் இன் ஸ்டோர்' தொட்டால் ப்ளே ஸ்டோரில் அதன் முழுப் பெயரும் விவரமும் தெரியும்.

கேட்டவர்:
பார்த்துட்டேன். வெறும் 9 எம்பி, பெர்மிஷன் எதுவும் இல்லை. ஆனா மை ஃபைல்ஸ் செட்டிங்ஸ்ல மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொன்னா '.நோமீடியா'ன்னு நிறைய வருது. இவன் மறைச்சதா?

பதில் 2:
அதை மட்டும் வச்சு முடிவுக்கு வராதீங்க. '.நோமீடியா' கிடக்குற ஃபோல்டரை கேலரி காட்டாது, அதோட வேலை அவ்வளவுதான். வாட்ஸ்அப் தன்னோட 'சென்ட்' ஃபோல்டர்ல தானாவே அதைப் போட்டு வைக்கும். '.தம்ப்நெயில்ஸ்' படங்களோட சின்ன முன்னோட்டம் சேர்ற ஃபோல்டர், போன் உண்டாக்குறது, அதையும் விடுங்க. டிசிஐஎம் (கேமரா படங்கள் சேர்ற ஃபோல்டர்), டவுன்லோட் இரண்டுக்குள்ளேயும் புள்ளியில ஆரம்பிக்கிற வேற ஃபோல்டர் இருந்தா மட்டும் திறந்து பாருங்க.

இன்னொரு இடம் பாக்கி. செட்டிங்ஸ் தேடல்ல 'செக்யூர் ஃபோல்டர்' அடிங்க; ஆப், ஃபைலைத் தனியா பூட்டி வைக்கிற சாம்சங் வசதி அது. சாம்சங் அக்கவுண்ட் கேட்டு அமைக்கச் சொன்னா இப்போ அது பயன்பாட்டுல இல்லை. நேரா பின் நம்பர் அல்லது பேட்டர்ன் கேட்டா, யாரோ ஏற்கனவே அமைச்சிருக்காங்க, உள்ளே ஏதாவது இருக்கலாம். நீங்களா ஊகிச்சு அடிக்காதீங்க; பையனைப் பக்கத்துல உட்கார வச்சு அவனையே திறக்கச் சொல்லுங்க. மிரட்டல் தெரிஞ்சா திட்டாதீங்க, அந்த சாட்டை அழிக்காதீங்க, படத்தை யாருக்கும் ஃபார்வர்டு பண்ணாதீங்க. 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்க.

கேட்டவர்:
அக்கவுண்ட்தான் கேட்குது.

பதில் 1:
அப்படியானால் வாட்ஸ்அப் > செட்டிங்ஸ் > 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' > 'மேனேஜ் ஸ்டோரேஜ்' பாருங்கள். குரூப் வீடியோக்கள் அங்கேதான் குவியும். கேலரியின் 'ட்ராஷ்' பகுதியையும் திறந்து பாருங்கள். அழித்த படங்கள் 30 நாள் வரை அதில் இடம்பிடித்துக் கிடக்கும்.