விளையாட்டு வீரர்களுக்குச் சம்பளப் பேரத்தின் கணக்கு புரிகிறதா?

மாட்டுங்கா வாசி:
தம்பி மகன் மும்பை சிவாஜி பார்க்கில் கிரிக்கெட் பயிற்சிக்குப் போகிறான். ஐபிஎல் ஏலத்தில் யார் எத்தனை கோடிக்குப் போனார் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஆனால் 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்குப் போனதே, அதில் வீரர்களுக்கு எவ்வளவு என்று கேட்டால் விழிக்கிறான். பெரிய வீரர்களுக்காவது தெரியுமா?

தாராவி ஆடிட்டர்:
தெரிந்தாலும் அவர்களுக்காகப் பேச ஆள் வேண்டுமே! அந்தத் தொகை ஆண்டுக்குச் சுமார் 9,678 கோடி. 2025 சீசனுக்கான ஏலத்தில் வீரர்களை வாங்க அணிக்கு 120 கோடி வரம்பு, பத்து அணிக்கு 1,200 கோடி. போட்டிக் கட்டணம் தனி. அதைச் சேர்த்தாலும் பெரிதாக மாறாது. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் வீரர் சங்கம் பேசி, வருமானத்தில் ஏறக்குறைய பாதியை வாங்குகிறது. இங்கே 2019இல் வந்த சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும்தான்.

பரேல்காரன்:
அந்தப் பாதி, 2011இல் அணி முதலாளிகள் செய்த கதவடைப்புக்கு முன் 57 சதவீதமாக இருந்தது, ஐயா. சங்கம் இருந்தும் இறங்கியது. கணக்குப் புரியாததால் அல்ல. முதலாளியால் காத்திருக்க முடியும். சில ஆண்டுகளே ஆடக்கூடியவருக்கு ஒரு சீசன் போனால் போனதுதான். 2004-05இல் இதேபோன்ற கதவடைப்பால் வட அமெரிக்காவின் என்எச்எல் ஐஸ் ஹாக்கி சீசன் முழுவதும் ரத்தானது, கடைசியில் வீரர்கள் சம்பள உச்சவரம்பை ஏற்றார்கள். 1982 பம்பாய் மில் ஸ்டிரைக்கில் என் அப்பா நின்றவர். வட்டிக்கு வாங்கிச் சாப்பிட்டோம். அதனால் வீரர்களை விவரமில்லாதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

மாட்டுங்கா வாசி:
சரி அண்ணா. அப்புறம், 2025 முதல் வீரருக்கு ஒவ்வொரு போட்டிக்கும் 7.5 லட்சம் கட்டணம் வந்ததே, அது பேரத்தில் கிடைத்ததா?

தாராவி ஆடிட்டர்:
இல்லை. 2024இல் கிரிக்கெட் வாரியச் செயலாளர் அறிவித்தார். எதிரே உட்கார்ந்து பேச வீரர் சங்கம் ஏது?