கிராசியாஸ் சொன்ன பிறகு குவாம்பா வரவில்லை

(தென் அமெரிக்காவில் பணிசெய்யும் தமிழ்க் குருக்களும் கன்னியரும் தங்களுக்குள் எழுதிக்கொண்டவை.)

பராகுவே, ஏழாவது மாதம்:

தெரெரே பற்றி இங்கே எல்லாருக்கும் தெரியும்: மாத்தே இலையில் குளிர்ந்த நீர் ஊற்றி, வட்டமாக உட்கார்ந்து ஒரே குவளையில் சுற்றிக் குடிப்பது. நான் இருப்பது திரினிதாது பழைய மிஷன் இடிபாடுகளுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வந்த இரண்டாம் மாதம், பைக் விபத்தில் இறந்த ஒரு பையனுக்காக அவன் வீட்டில் ஒன்பது நாள் ஜெபமாலை. மூன்றாம் நாள் என்னைத் தனியாக அனுப்பினார்கள்.

மாமரத்தடியில் நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. பையனின் அம்மாதான் ஊற்றிக் கொடுத்தார். குவாம்பா என்கிற மாட்டுக்கொம்புக் குவளை, விளிம்பில் தகடு கட்டியது. எனக்கு வந்தது. குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது "கிராசியாஸ், செஞோரா" என்றேன், நன்றி அம்மா என்று. எதற்கும் கிராசியாஸ் சொல்லுங்கள் என்றுதான் மொழி வகுப்பில் பழக்கியிருந்தார்கள். நம் வீட்டில் அம்மா தரும் காப்பிக்கு யார் நன்றி சொல்கிறோம்? அந்தப் பழக்கத்தோடே போயிருக்கலாம்.

அடுத்த சுற்றில் எனக்கு இந்தப் பக்கம் இருந்தவருக்குக் கொடுத்தார், அப்புறம் அந்தப் பக்கம் இருந்தவருக்கு. குவாம்பா என் முழங்காலைத் தாண்டிப் போனது. அதற்கடுத்த சுற்றும் அப்படியே. நான் என்ன தப்பு செய்தேன் என்று நினைத்துக்கொண்டே ஜெபமாலை சொன்னேன்.

வட்டத்தில் இருக்கும்போது கிராசியாஸ் என்றால் "எனக்குப் போதும், இனி வேண்டாம்" என்று அர்த்தமாம். இரண்டு வாரம் கழித்து உபதேசியார் சொன்னார். நம் ஊரில் துக்க வீட்டில் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிக் கிளம்புகிறவனைப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு. மகனை மண்ணில் வைத்த கையால் கொடுத்ததை, புதுச் சாமியார் ஒரு வாயோடு போதும் என்றுவிட்டான் என்றுதானே நினைத்திருப்பார்? அந்த அம்மா இப்போது சியுதாத் தெல் எஸ்தே நகரில் மகள் வீட்டில் இருக்கிறார். ஐந்து மாதம் கழித்துப் போய் இதைச் சொல்லலாமா?

பொலிவியா, கன்னியர்:

ஃபாதர், வகுப்பைக் குறை சொல்லாதீர்கள். நான் படித்ததும் கொச்சபம்பாவில்தான், அங்கே நிறையச் சொல்லித்தந்தார்கள். வகுப்பில் வராதது வேறு.

மலைக் கிராமத்து வீடு ஒன்று. பாட்டி லோக்கோத்தோ மிளகாயும் தக்காளியும் கில்கிஞா இலையும் வைத்து ல்யாஹுவா சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். பத்தான் கல்லைப் பார்த்ததும் நம் அம்மி என்று உட்கார்ந்துவிட்டேன். குழவியை முன்னும் பின்னும் இழுத்தேன். பாட்டி என் கைமேல் கை வைத்து, அதைத் தொட்டில் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து ஆட்டக் காட்டினார். உள்ளங்கை மரப்பட்டை போல் இருந்தது. கெச்சுவாவில் ஏதோ கேட்டார். எனக்கு அந்த மொழி ஒரு சொல் தெரியாது. சிரித்துக்கொண்டே "சி", ஆமாம், என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி "சி". பாட்டி கையை எடுத்துக்கொண்டார்.

பேத்தி வாசலில் வைத்துச் சொன்னாள். முதலில் கேட்டது, "உன் அம்மா உயிரோடு இருக்கிறாளா?" அடுத்தது, "அவளை விட்டுவிட்டா வந்தாய்?"

இங்கே இரவு ஒன்பது என்றால் வீட்டில் காலை ஆறரை. அன்று அம்மாவைக் கூப்பிட்டேன். அழுகைதான் வந்தது, பேச வரவில்லை.

பெரு, பதினோராம் ஆண்டு:

சிஸ்டர், புரியாமல் "சி" சொல்வதுதான் நாம் செய்கிற பெரிய தவறு. "நோ எந்தியெந்தோ", எனக்குப் புரியவில்லை, என்று சொல்லக் கூச்சப்படக்கூடாது. நான் முதல் வருடம் மறையுரையில் "களைத்திருக்கிறேன்" என்று சொல்ல வந்து, கான்சாதோ என்பதற்குப் பதில் காசாதோ என்றேன், அதாவது திருமணமானவன். முன்வரிசைப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இளையவர்களுக்குச் சிலது சொல்லியாக வேண்டும். ஸ்பானிய மொழியை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள், தமிழ் வழியாகப் படியுங்கள். அவர்கள் 't' நம் த, ட அல்ல. செஞோர், நிஞோ எல்லாம் நம் ஞ. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் நாக்கு அதற்கு எவ்வளவு தடுமாறுகிறது, பார்த்திருப்பீர்கள். "ஆனால்" என்ற சொல்லுக்கும் (பெரோ) நாய்க்கும் (பெர்ரோ) வித்தியாசம் ஒரு ரகரம்தான். நாகர்கோவில் பக்கம் பெரியவர்கள் ற சொல்வதை நினைத்துக்கொண்டு நாயைச் சொல்லுங்கள், சரியாக வரும். நீ, நீங்கள் என்ற பேதம் தூ, உஸ்தேது என்று அங்கேயும் உண்டு. பராகுவேயில் தூவுக்குப் பதில் வோஸ். வயதில் பெரியவர் சொல்லும்வரை உஸ்தேதை விடாதீர்கள். அப்புறம், பராகுவேயில் 1992 அரசியல் சட்டப்படி குவாரனியும் ஆட்சிமொழி. கிராமத்தில் ஸ்பானியம் மட்டும் வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. தினமும் அரை மணி நேரம் குவாரனிக்கு ஒதுக்குங்கள். வீட்டுக்குத் தினம் போன் பேசுவதையும் குறையுங்கள், மனம் இங்கே ஒட்டாது.

பொலிவியா, கன்னியர்:

போனைக் குறைக்கச் சொல்கிறீர்களே ஃபாதர், அந்தப் பாட்டியின் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது?

பராகுவே, ஏழாவது மாதம்:

உச்சரிப்பு பற்றிச் சொன்னதற்கு மகிழ்ச்சி, ஃபாதர். ஆனால் நான் கேட்டது அந்த அம்மாவிடம் போகலாமா என்பதை.

பராகுவே, ஓய்வுபெற்ற குரு:

போங்கள் தம்பி. ஆறாம் எண் நெடுஞ்சாலையில் நேராக பஸ் இருக்கிறது. விளக்கம் எல்லாம் முதலில் வேண்டாம். வெயில் நேரமாகப் போய் உட்காருங்கள், அவரே தெரெரே கலக்குவார். வாங்கிக் குடியுங்கள், பேசாமல் திருப்பிக் கொடுங்கள். இரண்டாவது தடவை உங்கள் கைக்கு வரட்டும், அப்போது மகனைப் பற்றிக் கேளுங்கள்.